தி.நகர்: ஏரிக்குள்ளே ஒரு நகரம்

தி.நகர் என்றதும் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வரும்? ரங்கநாதன் தெரு நெரிசல், தீபாவளித் துணி, அக்கா கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவை. வேலை தேடிப் போன சீனியர்களைக் கேட்டால் மேற்கு மாம்பலத்து மேன்ஷன் ரூமைச் சொல்வார்கள். சிவில் படிக்கிறவங்க இன்னொன்றையும் சேர்த்துக்கணும். அது ஒரு ஏரி.

நூறு வருஷத்துக்கு முன்னால் சென்னையின் மேற்கு எல்லையில் நுங்கம்பாக்கம் ஏரியும் மயிலாப்பூர் ஏரியும் ஒன்றோடொன்று சேர்ந்து, ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடந்தன. வெள்ளைக்காரர்கள் அதை 'லாங் டேங்க்' என்றார்கள். அதன் கிழக்கு ஓரத்தை ஒட்டித்தான் மவுண்ட் ரோடு, அதாவது இன்றைய அண்ணா சாலை. இது தற்செயல் இல்லை. நம்ம ஊர் ஏரி எதையாவது மனசில் கொண்டு வாங்க. தண்ணீர் மேட்டிலிருந்து வரும். பள்ளம் இருக்கிற பக்கம்தான் கரை போடுவோம். சென்னையில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. அதனால் கரை கிழக்கில். கரைக்கு உள்ளே, தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் இன்றைக்கு தி.நகர்.

ஊர் பெருகியது, வீடு போதவில்லை. 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அப்போது ஆட்சியில் இருந்த நீதிக்கட்சி, மாம்பலத்து ஏரிப்படுகையைக் காயவைத்துக் குடியிருப்பு போட முடிவு செய்தது. நடுவில் ஒரு பூங்கா, அதிலிருந்து நாலாபக்கமும் அகலமான சாலைகள், பெரிய பெரிய மனைகள். மேப்பை எடுத்துப் பாருங்கள், பனகல் பூங்காவிலிருந்து ரோடுகள் பிரிகிற விதமே இது தானாக வளர்ந்த ஊர் இல்லை, பேப்பரில் வரைந்த ஊர் என்று சொல்லிவிடும்.

பெயர்களைப் படித்தால் இன்னும் சுவாரசியம். ஊர்ப் பெயரே நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிட்டி தியாகராயர் (1852–1925) பெயர். பனகல் பூங்கா, 1921 முதல் 1926 வரை முதலமைச்சராக இருந்த பனகல் அரசர். நடேசன் பூங்கா, டாக்டர் சி. நடேச முதலியார். நாயர் ரோடு, டி.எம். நாயர். உஸ்மான் ரோடு, பின்னாளில் கொஞ்ச காலம் தற்காலிக கவர்னராகவும் இருந்த முகமது உஸ்மான். 'பாண்டி பஜார்' என்பதற்குப் புதுச்சேரியோடு ஒரு சம்பந்தமும் இல்லை, அது டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் பெயரில் உள்ள அங்காடி. மொத்தத்தில் ஒரு கட்சியின் தலைவர் பட்டியலையே ரோடாகப் போட்டிருக்கிறார்கள். கவுன்சலிங்கில் வகுப்புவாரி ஒதுக்கீட்டில் சீட் வாங்கினவங்களுக்கு ஒரு தகவல்: அதன் முதல் அரசாணை 1921-இல் இதே ஆட்சியில் வந்ததுதான்.

அடுத்து பணக்காரர்கள், பிரபலங்கள் வந்தார்கள். 1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததும் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போகலாம் என்றாகிவிட்டது. திருமலைப் பிள்ளை சாலையில் காமராஜர், பசுல்லா சாலையில் ராஜாஜி, அந்தக் காலத்து போக் ரோட்டில் சிவாஜியின் 'அன்னை இல்லம்', ஹென்ஸ்மேன் ரோட்டில் கண்ணதாசன். 1928-இல் தொடங்கிய நல்லி மாதிரி கடைகள் வளர வளர, வீட்டுமனை எல்லாம் அடுக்குமாடிக் கடையாகிவிட்டது.

இனி நம்ம பாடம். ஏரியைத் தூர்த்தாலும் அதன் வடிவம் போகாது. தி.நகர் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேதான் இருக்கிறது. சுற்றுப்புறத்துத் தண்ணீர் பழையபடி அங்கேயே வந்து சேரப் பார்க்கும். வடிய இருக்கிற முக்கியமான வழி மாம்பலம் கால்வாய். வள்ளுவர் கோட்டம் பக்கம் தொடங்கி, தி.நகருக்குள் புகுந்து, நந்தனம் வழியாக அடையாற்றில் சேருகிறது. வள்ளுவர் கோட்டமே பழைய நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம்தான். 2021 நவம்பர் 7 காலையோடு முடிந்த ஒரே நாளில் நுங்கம்பாக்கத்தில் 21 செ.மீ. மழை பதிவானது. கால்வாய் அடைபட்டுக் கிடந்ததால் தி.நகர்த் தெருக்களில் பல நாள் தண்ணீர் நின்றது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் பாண்டி பஜாரில் பளபளவென்று நடைபாதை வளாகம் திறந்திருந்தார்கள். மேலே கிரானைட் போடுவது சுலபம், போட்டோவும் நன்றாக வரும். கீழே சரிவு கணக்குப் போட்டு இன்வர்ட் லெவல் பிடிப்பதுதான் கஷ்டம், அதை யாரும் போட்டோ எடுப்பதில்லை.

மண்ணும் அப்படித்தான். ஏரிப்படுகை என்றால் களிமண், வண்டல். ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பெரம்பலூர்க் கரிசலில் சுவர் விரிசல் விட்டதைப் பார்த்தவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே மூன்று தளம் பேஸ்மென்ட் தோண்டுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது மண் பரிசோதனை ரிப்போர்ட்டும் நிலத்தடி நீர்மட்டமும். மனை விலை அப்புறம். (கட்டுகிற சிமெண்டுக்கு அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லைத் தோண்டுகிறோமே, அதுவும் பல கோடி வருஷம் முன்னால் கடலடியில் படிந்ததுதான்.)

இதற்கு நேர் எதிரான கதை நம்ம பக்கத்திலேயே இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கின முதலாம் ராஜேந்திரன், நகரத்தோடு சோழகங்கம் என்ற பேரேரியையும் வெட்டினான். இன்றைக்கு அதைப் பொன்னேரி என்கிறோம். அரண்மனை போய், மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளம் மட்டும் மிச்சம். ஏரி இன்னும் ஏரியாகவே இருக்கிறது. சென்னையில் ஏரி போய் மாளிகை நிற்கிறது.

உங்க ஊரில் இதைச் சோதிக்க ஒரு மத்தியானம் போதும். இந்திய நில அளவைத் துறையின் பழைய டோபோஷீட்டை எடுத்து, இன்றைய சாட்டிலைட் படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். நீலத்தில் இருந்த எந்த இடத்தில் இப்போது 'டிடிசிபி அப்ரூவ்டு' போர்டு நிற்கிறது என்று பாருங்கள். தெருப் பெயர்களையும் விடாதீர்கள். சென்னையில் ஏரி போன பிறகும் நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் ரோடு' இருக்கிறது, மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. நம்ம பக்கத்தில் ஏரிக்கரைத் தெரு, மதகடி, கலிங்கு என்று ஏதாவது ஒரு பெயர் கண்டிப்பாக மாட்டும். மாட்டினால் அந்த சர்வே நம்பருக்கு அ-பதிவேட்டில் என்ன வகைப்பாடு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நாளைக்கு சைட் இன்ஜினியராக அந்த லேஅவுட்டில் லெவல் எடுக்கப் போகிறவர் நீங்களாகவும் இருக்கலாம்.