வெயிலும் மழையும் ஃபைபர் கூரையும்

சென்ற சங்கராந்தியன்று, அறுந்து விழுந்த பட்டத்தை எடுக்கப் போன எங்கள் காலனிச் சிறுவன் ஒருவன், சைக்கிள் கொட்டகையின் ஃபைபர் ஷீட் மேல் கால் வைத்தான். ஷீட் படீரென்று உடைந்தது. இடுப்பு வரை இறங்கியவன், இரும்புக் குறுக்குச் சட்டத்தைப் பிடித்துத் தொங்கித் தப்பினான். "போன வருஷம் இதே ஷீட்டின் மேல் நானே நின்றேனே சார்!" என்று தெலுங்கில் புலம்பினார் காவலாளி. அவருக்கு அன்று நான் சொன்ன விளக்கம் நம் சங்க அன்பர்களுக்கும் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

துடைப்பமும் கயிறும்

ஃபைபர் ஷீட் வெறும் பிளாஸ்டிக் அல்ல. தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி இழைகளைப் பாலியெஸ்டர் பிசினில் தோய்த்து இறுகச் செய்த கூட்டுப்பொருள். பலம் தருவது இழை. இழைகளைப் பிணைத்து, ஒன்றின் சுமையை மற்றொன்றுக்குக் கடத்துவது பிசின். இந்த இனத்துப் பொருள்களின் பெருமை, எடை குறைவும் உறுதியும்தான். இதே ஹைதராபாத்தில் டாக்டர் அப்துல் கலாமின் குழுவினர், போலியோவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு 3 கிலோ உலோகக் காலணைப்புக்குப் பதிலாகச் சுமார் 300 கிராமில் ஒன்றைச் செய்து தந்ததும் இத்தகைய கூட்டுப்பொருளால்தான்.

தென்னந்துடைப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குச்சி எத்தனை உறுதியாக இருந்தாலும், கட்டிய கயிறு இற்றுப்போனால் துடைப்பம் உதவாது. வெயிலும் மழையும் முதலில் கெடுப்பது அந்தக் 'கயிற்றை', அதாவது பிசினை.

மூன்று எதிரிகள்

முதலாவது, சூரியனின் புற ஊதாக் கதிர்கள். இவை பிசினின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. ஷீட் மஞ்சளிக்கிறது, பளபளப்பு போய் மாவு பூக்கிறது. இந்தச் சேதம் மேல்தோலோடு நிற்கும். ஆனால் மழை அந்த மாவைக் கழுவிவிட, அடுத்த அடுக்கு வெயிலுக்கு இரையாகிறது. கடைசியில் இழைகள் வெளியே தெரிகின்றன.

இரண்டாவது, வெப்பம். தண்டவாள இணைப்பில் இடைவெளி விடுவது ஏன் என்பது நமக்குத் தெரியும். இங்கே சிக்கல் வேறு. ஒரே சூட்டில் பிசின், கண்ணாடியைவிடப் பத்து மடங்குக்கு மேல் விரிகிறது. மே மாதத்தில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. கூரையின் சூடு அதற்கும் மேல். அதன்மீது திடீர் மழை விழுந்தால் ஷீட் சட்டென்று சுருங்கும். இப்படி ஆண்டுக்கணக்கில் விரிந்து சுருங்க, இழைக்கும் பிசினுக்கும் நடுவே மயிரிழை விரிசல்கள் தோன்றுகின்றன.

மூன்றாவது, தண்ணீர். அந்த விரிசல் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஊறிச் சென்று பிணைப்பைத் தளர்த்துகிறது.

காவலாளி நின்றபோது உடையாதது ஏன்?

இழைகளின் நெடுக்கில் இழுத்தால் பழைய ஷீட்டும் ஓரளவு தாங்கும். ஆனால் மேலே ஒருவர் நிற்கும்போது ஷீட் வளைகிறது. வளையும்போது மேற்பக்கம் அமுக்கப்படும். அங்கே இழைகள் ஒடியாமல் பிடித்து நிறுத்த வேண்டியது பிசின். அது கெட்டிருந்தால் வளைவுவலிமை முதலில் போய்விடும். மேலும், இரும்புத் தகடு நெளிந்து எச்சரிக்கும். ஃபைபர் எச்சரிக்காமல் முறியும். காவலாளி நின்றது சட்டத்தின் மேலாக இருந்திருக்கலாம். இடையில் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கழிந்துவிட்டன.

வயது மட்டுமே குற்றவாளி அல்ல. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 1950களின் தொடக்கத்தில் கட்டிய கண்ணாடியிழைப் படகு ஒன்றிலிருந்து 10 ஆண்டு, 20 ஆண்டு கழித்துத் துண்டுகள் வெட்டிச் சோதித்தார்கள். வலிமை பெரிதாகக் குறையவில்லை. தடிமனும் நல்ல செய்நேர்த்தியும் அதைக் காத்தன. நம் மெல்லிய ஷீட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

செய்ய வேண்டியவை

ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன், ஏணியில் நின்று பாருங்கள். கையுறை அணிந்து தடவினால் மாவு ஒட்டுகிறதா? இழைகள் தெரிகின்றனவா? போல்ட் துளைகளைச் சுற்றியும் வெட்டிய ஓரங்களிலும் விரிசல் உண்டா? மாவு மட்டும் என்றால், கழுவிக் காயவைத்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு அடித்து ஆயுளை நீட்டலாம். வெட்டிய ஓரங்களையும் பிசினால் மூடுங்கள். கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள். இழைகள் தெரிந்தாலோ விரிசல் கண்டாலோ, ஷீட்டை மாற்றிவிடுவதே நல்லது.

எல்லாவற்றிற்கும் மேலாக, புதியதோ பழையதோ, ஃபைபர் ஷீட் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. வேலையாள் ஏற நேர்ந்தால், சட்டத்துக்குச் சட்டம் எட்டும் கனமான பலகை போட்டே ஏற்றுங்கள். பிள்ளைகளிடம் இதைப் பட்டம் வாங்கித் தரும்போதே சொல்லிவிடுங்கள். பட்டம் போனால் வேறு வாங்கலாம்.