லே நகரத்தில் ஓர் அறைக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும்?



ஏ.சி. என்றதும் நம்மில் பலருக்கு ஒரே கணக்குதான் தெரியும். நூறு, நூற்றைம்பது சதுர அடிக்கு ஒரு டன். கடைக்காரரும் அதைத்தான் சொல்கிறார், மெக்கானிக்கும் அதைத்தான் சொல்கிறார். நம் ஊர் வெயிலுக்கு அது ஏதோ ஓரளவு பொருந்தியும் விடுகிறது. அதே கணக்கை மூட்டை கட்டிக்கொண்டு லடாக் போனால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஏன் லடாக் என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் ராணுவத்தில் இருக்கிறார். லே பக்கம் இரண்டு குளிர்காலம் கழித்தவர். லீவில் வந்தபோது, "தம்பி, நீ டிப்ளமோ படிக்கிறியே, எங்க ரூமுக்கு எவ்ளோ பெரிய ஹீட்டர் வேணும்னு உன் புக்குல இருக்கா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் தெருவில் யாருக்கு எந்த மெஷின் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வரும். ஃபேன் ரிப்பேர் முதல் இது வரை. புத்தகத்தில் விடை நேராக இல்லை. ஆனால் விடைக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது.

முதலில் ஊரைத் தெரிந்துகொள்வோம். லே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரம். வருடம் முழுக்கப் பெய்யும் மழை சுமார் 10 சென்டிமீட்டர்தான். வெயில் நன்றாக அடிக்கும், ஆனால் குளிர்கால இரவில் மைனஸ் 15, சில நாள் அதற்கும் கீழே. அதாவது குளிரும் உண்டு, வறட்சியும் உண்டு.

சரி, கணக்குக்கு வருவோம். 5 மீட்டருக்கு 4 மீட்டர் அறை, உயரம் 2.7 மீட்டர். நாலு பக்கமும் வெளிச்சுவர். உள்ளே 18 டிகிரி வேண்டும், வெளியே மைனஸ் 15. வித்தியாசம் 33 டிகிரி. ஒவ்வொரு பாகத்துக்கும் பரப்பை யு மதிப்பால் பெருக்கி, அதை 33-ஆல் பெருக்கினால் எத்தனை வாட் வெளியே போகிறது என்று வந்துவிடும். யு மதிப்பு என்றால் ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் ஒழுகுகிறது என்பது. அவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இருபக்கமும் பூச்சு, யு சுமார் 2. சன்னலும் கதவும் போக 42.6 சதுர மீட்டர். இழப்பு 2,812 வாட். மேலே வெறும் கான்கிரீட் தளம் 20 சதுர மீட்டர், யு 3.3, இழப்பு 2,178 வாட். ஒற்றைக் கண்ணாடிச் சன்னல் 4 சதுர மீட்டர், யு 5.7, இழப்பு 752. மரக்கதவுக்கு 165, தரைக்குத் தோராயமாக 300 வைத்துக்கொள்வோம்.

இனி காற்று. ஒரு மணிக்கு ஒரு தடவை அறைக் காற்று முழுதும் மாறுகிறது என்று வையுங்கள். கடல் மட்டத்தில் இதற்கு 588 வாட் வரும். ஆனால் லேயில் காற்றழுத்தம் நம் ஊரில் உள்ளதில் 65 சதவீதம்தான். காற்று மெலிசு, அதனால் அது கொண்டுபோகும் வெப்பமும் குறைவு. 382 வாட்தான். மொத்தம் கூட்டினால் 6,589 வாட், அதாவது 6.6 கிலோவாட்.

இப்போது அதே அறைக்குச் சுவரிலும் கூரையிலும் இரண்டு அங்குலம் தெர்மோகோல் வைத்து, சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடுவோம். சுவர் 745, கூரை 389, சன்னல் 370. கதவு, தரை, காற்று முன்பு போலவே. மொத்தம் 2,351 வாட். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே! மெஷினைத் தொடவே இல்லை, சுவரைத்தான் தொட்டோம்.

நம்ம டன் கணக்கு இங்கே என்ன சொல்லும்? அறை 215 சதுர அடி, எனவே ஒன்றரை டன், அதாவது 5.3 கிலோவாட். முதல் அறைக்குப் போதாது. இரண்டாவது அறைக்கு இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டுமே தப்பு.

கொத்தனார் வேலை பார்க்கும் என் அப்பாவிடம் இதைச் சொன்னேன். "ரெண்டடி மண்சுவரு வெச்சா கேக்காதாடா?" என்றார். போட்டுப் பார்த்தேன். மண்ணின் அடர்த்தியைப் பொறுத்து மாறும், ஆனால் யு சுமார் 1 வருகிறது. செங்கல் சுவரில் பாதி! தெர்மோகோல் அளவுக்கு வராது என்றாலும் மண்சுவருக்கு இன்னொரு குணம் உண்டு. பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் கொடுக்கும். லே அருகே ஃபே என்ற இடத்தில் செக்மோல் வளாகக் கட்டடங்கள் இந்த முறையில்தான் நிற்கின்றன. தெற்கு நோக்கிய கண்ணாடி, தடித்த மண்சுவர். 1988-இல் மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு அது என்பதை நாம் கவனிக்க வேண்டும். குளிர்காலத்தில் அங்கே உச்சி வெயிலே தரையிலிருந்து 32 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், அதனால் தெற்குச் சன்னல் வழியாக அறைக்குள் நீளமாக நுழைந்துவிடும். ஆனால் ஹீட்டர் அளவைக் கணக்கிடும்போது வெயிலைச் சேர்க்கக் கூடாது. குளிர் உச்சத்தில் இருப்பது விடியலுக்கு முன்னால், அப்போது வெயில் ஏது?

அண்ணன் சொன்ன இன்னொரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. அங்கே புகாரி என்று ஒரு அடுப்பு, விறகிலோ மண்ணெண்ணெயிலோ எரியும், புகைக்குழாய் கூரை வழியாக வெளியே போகும். அதைப் பற்றவைத்தால் சன்னலைத் துளி திறந்து வைத்துத்தான் படுப்பார்களாம். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டுப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத கதைகள் உண்டு. நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு. இப்போது மேலே உள்ள கணக்கைத் திரும்பப் பாருங்கள். அந்தக் காற்றுக்கு நாம் கொடுக்கும் விலை 382 வாட். செங்கல் சுவரில் போவது அதைப்போல ஏழு மடங்கு. மிச்சம் பிடிக்க வேண்டியது சுவரிலும் கூரையிலும், சன்னல் இடுக்கில் அல்ல. புகைக்குழாய் அடைத்திருந்தால் சன்னல் மட்டும் காப்பாற்றாது என்பது வேறு விஷயம்.

'பெருசாப் போட்டா நல்லதுதானே' என்பவர்களுக்கும் இங்கேதான் பதில். தேவைக்கு மிஞ்சிய புகாரியில் அறை சீக்கிரம் புழுங்கும், உடனே காற்றுத் துவாரத்தைக் குறைப்பார்கள். காற்று போதாமல் மந்தமாக எரியும் நெருப்பில்தான் அந்த வாயு அதிகம் பிறக்கும். அதனால் 2,351-க்கு மேல் பதினைந்து சதவீதம் சேர்த்து 2.7 ஆக்கி, 3 கிலோவாட்டோடு நிறுத்துங்கள்.

அந்த 3 கிலோவாட் லேயில் கிடைக்க வேண்டிய 3 என்பதை மறந்துவிடாதீர்கள். வாயு பர்னர்களுக்கு ஆயிரம் அடிக்கு 4 சதவீதம் திறன் கழிப்பது அமெரிக்காவில் பழைய வழக்கம். 11,500 அடிக்கு ஏறத்தாழப் பாதி போய்விடும். ஹீட் பம்ப் என்றால் அதன் பெயர்ப்பலகையில் இருக்கும் எண் வெளியே 7 டிகிரி இருக்கும்போது அளந்தது. மைனஸ் 15-இல் அது கொடுப்பது வெகு குறைவு. சூடான காற்றை ஊதும் அமைப்பு என்றால், அதே வெப்பத்துக்கு ஒன்றரை மடங்கு கன அளவு காற்று ஊத வேண்டும்.

கோடைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர் ஏ.சி. பாதி நேரம் ஈரத்தோடு மல்லுக்கட்டுகிறது. அங்கே ஈரமே இல்லை, இரவும் குளிர்ச்சி. இரவில் சன்னலைத் திறந்து சுவரைக் குளிரவிட்டால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். தொல்லை குளிர்கால வறட்சிதான். மைனஸ் 15-இல் முழு ஈரத்தோடு இருக்கும் காற்றைக்கூட 18-க்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 8 சதவீதம்தான் நிற்கும். உதடு வெடிக்கும், தொண்டை காயும். புகாரி மேல் ஒரு கெட்டிலில் தண்ணீர் வைப்பது டீக்கு மட்டும் அல்ல.

நண்பர்களுக்கு ஒரு கணக்கு: தெர்மோகோல் போட்ட அறையில் தெற்குச் சுவரில் இன்னும் 4 சதுர மீட்டர் இரட்டைக் கண்ணாடி திறந்தால், இரவில் எவ்வளவு கூடுதலாக இழப்போம்? இரட்டைக் கண்ணாடிக்கு யு 2.8, எடுத்துப்போடும் சுவருக்கு 0.53. எனக்கு வந்த விடை 300 வாட்.