வளமும் செல்வமும்

சேலம் நகருக்கு வடக்கே சேர்வராயன் மலை ஓங்கி நிற்கின்றது. அதன்மீது ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் அமைந்த ஊர் ஏற்காடு. அங்கே காப்பித் தோட்டங்களும், நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், அவற்றைப் பற்றிப் படரும் மிளகுக் கொடிகளும் கண்ணைக் கவரும். இவ்வளத்தைக் காண்போர், இங்கு வாழ்வோர் யாவரும் செல்வரே என்று எண்ணக்கூடும். ஆனால், இடத்தின் வளம் வேறு. குடும்பங்களின் செல்வம் வேறு.

ஒரு குடும்பத்தின் நிலம், வீடு, நகை, கால்நடை, சேமிப்பு ஆகியவற்றின் மதிப்பிலிருந்து கடனைக் கழித்தால் எஞ்சுவதே அதன் செல்வம். வருவாய் ஓடிவரும் நீர் போன்றது. செல்வமோ ஏரியில் தேங்கிய நீர் போன்றது. கூலியாள் நோயுற்றால் அன்றே வருவாய் நின்றுவிடும். தேக்கிய நீர் உடையவனோ கோடையையும் கடப்பான்; தன் மக்களுக்கும் அதனை விட்டுச்செல்வான்.

இம்மலையில் நெடுங்காலமாக வாழ்பவர் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். பெயர் ஒத்திருப்பினும் இவர்கள் கேரள நாட்டவர் அல்லர், தமிழ் பேசுவோர். சாமையும் கேழ்வரகும் இவர்கள் விளைத்த பயிர்கள். 1820-களில் சேலம் மாவட்டக் கலெக்டராயிருந்த காக்பர்ன் இங்குக் காப்பிப் பயிரைப் புகுத்தினார். பின்னர்ப் பெருந்தோட்டங்கள் தோன்றின. நிலம் சிலருடையதாயிற்று, உழைப்புப் பலருடையதாயிற்று. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளர்க்கு வீடும் மருத்துவ வசதியும் அளிக்கப் பணித்தது. எனினும், அவ்வீடு தோட்டத்தின் உடைமை. குடியிருப்போரின் செல்வம் அன்று.

நாடு முழுவதிலும் நிலை இதுவே. 2022-ஆம் ஆண்டின் உலகச் சமத்துவமின்மை அறிக்கை கூறும் கணக்கை ஓர் உவமையாற் காண்போம். நம் நாட்டின் செல்வம் நூறு மரக்கால் நெல் என்றும், மக்கள் நூறு பேர் என்றும் கொள்வோம். மேல்நிலையிலுள்ள பத்துப் பேரிடம் ஏறத்தாழ 65 மரக்கால் இருக்கும். இடைநிலையினர் நாற்பதின்மரிடம் 29 இருக்கும். எஞ்சிய ஐம்பதின்மர்க்கும் சேர்த்துக் கிடைப்பது ஆறே மரக்கால்!

இவ்வேற்றுமையைக் குறைக்கச் சட்டங்கள் எழுந்தன. 1961-இல் நம் மாநிலத்தில் நில உடைமைக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 1970-இல் அவ்வரம்பு பாதியாக்கப்பட்டது. ஆயினும், காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு விலக்களிக்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ, காட்டு நிலத்தை வழிவழியாக உழுதுவரும் பழங்குடியினர் அதற்கு உரிமை பெற வழிசெய்தது. அவ்வுரிமை மக்களுக்கும் செல்லும். ஆனால், பிறர்க்கு விற்க இயலாது.

மலை தரும் விளைவை மட்டும் அளந்தால் போதாது. அது யார் வீட்டில் தங்குகின்றது என்பதையும் அளத்தல் வேண்டும். உழைப்பவர் இல்லத்திலும் செல்வம் தங்கும் நாடே வளநாடாகும்.