நாட்டின் வடிவமும் நம் அரசலாறும்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., புவியியல்)

ஒரு நாடு எந்த வடிவத்தில் இருந்தால் என்ன என்று நண்பர்கள் கேட்கலாம். அரசியற் புவியியல் அதைச் சிறிய செய்தியாகக் கருதுவதில்லை. போலந்து செறிவான வடிவமுடையது. நடுவிலிருந்து எல்லைகள் அதிக தூரமில்லை. சிலி வடக்கு தெற்காக ஏறத்தாழ 4,300 கி.மீ. நீண்டு கிடக்கிறது. இவற்றினும் தொல்லை மிகுந்தது சிதறிய வடிவம். 1947இல் தோன்றிய பாகிஸ்தானின் இரு பகுதிகளுக்கும் இடையே சுமார் 1,600 கி.மீ. இந்திய நிலம் இருந்தது. 1971இல் கிழக்குப் பகுதி வங்காளதேசமாயிற்று. மொழியும் தேர்தலும் பெரிய காரணங்களே. ஆயினும் தூரத்தின் பங்கை மறுக்க இயலாது.

சிதறிய வடிவத்தைக் காண அவ்வளவு தூரம் போக வேண்டாம். இங்கிருந்து காரைக்கால் பஸ்ஸில் ஏறினால் போதும். புதுச்சேரி தனிநாடன்று, ஒன்றியப் பகுதியே. எனினும் காரைக்கால் ஒரு பக்கம், கேரளக் கரையில் மாஹே, ஆந்திரத்தில் ஏனாம் என்று சிதறிக் கிடக்கிறது. பிரெஞ்சு வணிகர்க்குத் தேவைப்பட்டவை கடற்கரையில் ஆங்காங்கே துறைகளே; தொடர்ந்த நிலமன்று. காரைக்காலைத் தஞ்சை மராத்திய மன்னரிடமிருந்து 1739இல் பெற்றனர். 1954 நவம்பர் 1இல் ஆட்சியை ஒப்படைத்தனர். 1962இல் அது சட்டப்படி உறுதியாயிற்று. ஆண்டவர்கள் போனார்கள், அவர்கள் போட்ட கோடு போகவில்லை.

என் அக்காளைத் திருநள்ளாற்றுப் பக்கம் கொடுத்திருக்கிறோம். கும்பகோணத்தைத் தொட்டுச் செல்லும் அரசலாறுதான் அங்கு போய்க் காரைக்காலில் கடலில் கலக்கிறது. ஆறு ஒன்று, அரசு இரண்டு. 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி காவிரியில் தமிழ்நாட்டுக்கு 404.25 டி.எம்.சி., புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. அந்த ஏழும் காரைக்கால் வயல்களுக்கே உரியது. காகிதத்தில் அது தனிப் பங்கு. மண்ணில் தனி வாய்க்கால் கிடையாது. தமிழ்நாட்டு மதகுகளையெல்லாம் கடந்தே வரவேண்டும்.

இங்கும் நீர் எட்டாத கடைமடை ஊர்கள் உண்டு. ஆனால் நம் உழவர் முறையிட்டால், மதகும் முறையீடும் ஒரே அரசிடம் இருக்கின்றன. அத்தானுக்கோ தலைநகர் சுமார் 130 கி.மீ. வடக்கே, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டைக் கடந்து. அங்குள்ள சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்படும் 30 உறுப்பினருள் காரைக்காலுக்கு ஐவர். அந்த ஐவரும் ஒரே குரலில் கேட்டாலும், புதுச்சேரி சென்னைக்கு எழுதலாமே தவிர மதகைத் தூக்க முடியாது.

சென்ற குறுவையில் அத்தான் மூன்று நாள் வாய்க்காலைப் பார்த்திருந்துவிட்டு, நான்காம் நாள் வாடகைக்கு எண்ணெய் இன்ஜின் வைத்து நாற்றங்காலைக் காப்பாற்றினார்.