ஆட்டம் முடிந்தபின் தொடங்கும் வேலை

கண்ணா,

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் நடத்தும் ஐஸ் ஹாக்கி ஆட்டங்களை நீ விடியற்காலையில் எழுந்து தொலைக்காட்சியில் பார்ப்பதாகவும், யார் எத்தனை கோல் போட்டார்கள் என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பதாகவும் உன் அம்மா எழுதியிருந்தாள். அந்த நோட்டில் இடம்பெறாத சிலரைப் பற்றி இன்று எழுதுகிறேன். அக்டோபர் வாக்கில் தொடங்கி ஏப்ரல் வரை ஒவ்வோர் அணியும் ஆடும் எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் பாதி வெளியூரில் நடப்பவை. அத்தனையும் தடையின்றி நடந்தேறுவது, வீரர்களுக்கு முன்னே எழுந்து அவர்களுக்குப் பின்னே உறங்கும் ஊழியர்களின் சிரமத்தால்தான் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் தளத்தையே எடுத்துக்கொள். 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ள அந்த வெண்பரப்பை, கான்கிரீட் தரைக்குள் புதைத்த குழாய்களில் கடுங்குளிர்ந்த உப்புநீரை ஓடவிட்டு, மேலே மெல்லிய படலமாக நீரைத் தெளித்து, அது உறைந்தபின் வெள்ளைச் சாயம் பூசி, சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் இட்டு, மறுபடியும் படலம் படலமாகத் தெளித்து, ஏறத்தாழ ஒன்றேகால் அங்குல கனம் வரும்வரை பொறுமையாய் வளர்க்கிறார்கள். நியூயார்க்கின் மாடிசன் ஸ்குவேர் கார்டனில் கூடைப்பந்தும் ஆடுகிறார்களே, அப்போது ஐஸ் எங்கே போகிறது என்று கேட்பாய். எங்கும் போவதில்லை, உஷ்ணம் கடத்தாத பலகைகளால் அதை மூடி, மேலே மரத்தளத்தைப் பொருத்தி, வேண்டும்போது இரவோடிரவாகக் கழற்றிவிடுகிறார்கள். இடைவேளையில் உலாவரும் வண்டி, கலிபோர்னியாவில் ஐஸ் அரங்கம் நடத்திவந்த பிராங்க் ஜாம்போனி 1949-இல் செய்து முடித்தது. கீறல் விழுந்த மேற்பரப்பை அது சுரண்டியெடுத்து, வெந்நீரை விரித்துச் செல்கிறது. வெந்நீர் பழைய ஐஸைச் சற்றே இளக்கி, அதனோடு ஒன்றாய் உறைந்துவிடுவதே அதன் சூட்சுமம்.

ஆட்டத்துக்குரிய 'பக்' என்னும் ரப்பர் வில்லையையும் முன்கூட்டியே உறையவைக்கிறார்கள்; இல்லாவிடில் அது துள்ளித் துள்ளி ஆட்டத்தைக் கெடுக்கும்.

உபகரணப் பொறுப்பாளரின் வேலையோ தனி வித்தை. வீரர்கள் அணியும் ஸ்கேட் காலணியின் அலகு நம் வீட்டு அரிவாள்மணைபோல் ஒற்றைக் கூர் கொண்டதன்று. அடிப்புறத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓட, அதன் இருபுறமும் இரண்டு விளிம்புகள் நிற்கும். பள்ளம் ஆழமானால் விளிம்புகள் ஐஸை இறுகப் பற்றும், வழுக்கும் வேகம் குறையும். ஆழம் குறைந்தால் வேகம் கூடும், திரும்புகையில் பிடி தளரும். இன்னாருக்கு இவ்வளவு பள்ளம் என்று அறிந்து சாணைபிடிக்கும் அந்த மனிதர், ஆட்டத்தின் நடுவே விளிம்பு மழுங்கி ஒரு வீரர் நொண்டிக்கொண்டு ஓரத்துக்கு வந்தால், காலிலிருந்து காலணியைக் கழற்றாமலே பழைய அலகை உருவிப் புதியதைச் சில விநாடிகளில் பொருத்தி அனுப்புகிறார். வெளியூர் ஆட்டம் முடிந்ததும் வியர்வையில் ஊறிய கவசங்களை மூட்டை கட்டி, லாரியிலும் பிறகு விமானத்திலும் ஏற்றி, நள்ளிரவு கடந்து அடுத்த நகரில் இறக்கி, உலர்வதற்காக ஒவ்வொன்றாய் மாட்டி வைத்த பின்பே அவருக்குத் தூக்கம்.

இத்தகைய ஊழியர் ஒருவரே களத்தில் இறங்கி ஆடியதும் உண்டு. 2020 பிப்ரவரி 22 அன்று டொராண்டோவில் கரோலினா அணியின் கோல்காவலர் இருவரும் காயமுற்றனர். அவசரத் தேவைக்கென்று அரங்கில் இருந்த டேவிட் ஏர்ஸ், 42 வயதினர், ஜாம்போனி வண்டி ஓட்டிய தொழிலாளி, சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவர், அன்று களத்தில் இறங்கி, முதல் இரண்டு அடிகளைக் கோட்டைவிட்டாலும் அடுத்து வந்த எட்டையும் தடுத்து, 6-3 என்று அணி வெல்லத் துணைநின்றார். பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அவர் வண்டி ஓட்டிய நாட்களை எவரும் விசாரிக்கவில்லையே என்று எனக்குச் சிறிது மனக்குறை உண்டு.

இந்த லீகின் பரிசான ஸ்டான்லி கோப்பையை வெல்லும் அணியின் வீரர்களோடு, உபகரணப் பொறுப்பாளர்களின் பெயரையும் அதன் வெள்ளி வளையத்தில் பொறிப்பது இப்போது வழக்கமாயிருக்கிறது. ஒரு வளையத்தில் 13 அணிகளுக்கே இடம். வளையங்களெல்லாம் நிரம்பியதும் மிகப் பழையதைக் கழற்றி, டொராண்டோவிலுள்ள ஹாக்கிப் புகழ்மண்டபத்தில் வைத்துவிட்டு, வெற்று வளையம் ஒன்றைக் கீழே சேர்க்கிறார்கள்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் மாமா