திக்கிப் பேசும் குழந்தையும் தவிக்கும் பெற்றோரும்

"அம்மா, தண்ணீர் வேண்டும்" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நொடிப்பொழுதில் முடிந்துவிட்டது, அல்லவா? அதற்குள் நுரையீரலிலிருந்து காற்று வெளிப்பட வேண்டும். குரல்நாண்கள் அதிர வேண்டும். நாக்கும் உதடும் தாடையும் வரிசை தவறாமல் அசைய வேண்டும். இத்தனைக்கும் ஆணையிடுவது மூளை. இந்த ஒழுங்கு தடைப்படும்போது பேச்சும் தடைப்படுகிறது. அதையே திக்குதல் என்கிறோம்.

திக்குதல் மூன்று விதமாக வெளிப்படும். "த-த-தண்ணீர்" என ஒலி திரும்பத் திரும்ப வரலாம். "அம்ம்ம்மா" என நீளலாம். அல்லது வாய் திறந்தும் ஒலி எழாமல் நின்றுவிடலாம். பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள், குழந்தை சொற்களைக் கோத்து வாக்கியமாகப் பேசத் தொடங்கும் பருவத்தில் இது தோன்றுகிறது. நேற்று வரை சரளமாகப் பேசிய குழந்தை இன்று திக்கலாம். ஒரு வாரம் திக்கிவிட்டு மறுவாரம் நன்றாகப் பேசலாம்.

இந்த ஏற்ற இறக்கந்தான் பெற்றோரை வாட்டுகிறது. 'முந்தாநாள் அதட்டினேனே, அதனாலா? நான் வேலைக்குப் போவதாலா?' என்று தாய் தன்னையே கேட்டுக்கொள்கிறாள். 'செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்' என்று உறவினர் சொல்வது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது போலாகும். குழந்தை ஒரு சொல்லில் சிக்கித் திணறும்போது, பார்க்கப் பொறுக்காமல் தந்தை அச்சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

பழி யார்மீது?

பெற்றோர்மீது பழி சுமத்தியவர்கள் உறவினர் மட்டுமல்லர். அறிவியலாளரும் ஒரு காலத்தில் அவ்வாறு செய்தனர். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் வெண்டெல் ஜான்சன் என்பவர், தாமே திக்கிப் பேசியவர். பேசப் பழகும் குழந்தைகள் எல்லாருமே தடுமாறுவர்; கவலை மிகுந்த பெற்றோர் அதற்குத் 'திக்குவாய்' என்று பெயர் சூட்டுவதே உண்மையான திக்குவாயை உண்டாக்குகிறது என்பது அவர் கொள்கை.

1939-இல் அவருடைய மேற்பார்வையில் மேரி டியூடர் என்ற மாணவி, டேவன்போர்ட் நகரின் அநாதை இல்லத்தில் 22 குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தினார். நன்றாகப் பேசிய ஆறு குழந்தைகளிடம், 'உங்கள் பேச்சில் திக்கல் இருக்கிறது' என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. அக்குழந்தைகள் பேசவே கூசினர். ஆயினும் அவர்கள் திக்குவாயர் ஆகிவிட்டதற்குச் சான்று இல்லை என்பதை 2002-இல் வெளிவந்த மறு ஆய்வு காட்டியது. குழந்தைகளிடம் இத்தகைய சோதனை செய்தது அறமாகாது. 2001-இல் அப்பல்கலைக்கழகம் இதற்காக மன்னிப்புக் கேட்டது.

காரணம் எங்கே இருக்கிறது? திக்குதல் சில குடும்பங்களில் வழிவழியாக வருவது நெடுங்காலமாகத் தெரிந்ததே. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவர் திக்கினால் மற்றவரும் திக்கும் வாய்ப்பு, இரு கருவில் தோன்றிய இரட்டையரைவிட அதிகம். 2010-இல் டென்னிஸ் டிரேனா குழுவினர், திக்குவோர் சிலரிடம் மூன்று மரபணுக்களில் மாற்றங்களைக் கண்டனர். பேச்சை இயக்கும் மூளைப் பகுதிகளின் இணைப்பிலும் வேறுபாடு காணப்பட்டுள்ளது. ஆகவே அதட்டலும் செல்லமும் இதற்கு மூலகாரணம் அல்ல. பெற்றோர் நெஞ்சிலிருந்து இந்தப் பாரத்தை இறக்கி வைக்கலாம்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

பெற்றோர் காரணம் இல்லை. ஆனால் துணையாக முடியும். நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஐவர் ஏதேனும் ஒரு காலத்தில் திக்குகின்றனர். பெரியவர்களில் அது நூற்றுக்கு ஒருவரே. அதாவது பெரும்பாலோர்க்கு அது நீங்கிவிடுகிறது. யாருக்கு நீங்கும், யாருக்கு நிலைக்கும் என்று முதலில் உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே பல மாதங்கள் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறு எவருக்கும் இருந்தாலோ, குழந்தை பேச அஞ்சினாலோ பேச்சுப் பயிற்சி வல்லுநரிடம் காட்ட வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கம் முறையில், பெற்றோரே வல்லுநரின் வழிகாட்டலில் வீட்டில் நாள்தோறும் பயிற்சி தருகின்றனர். குழந்தை தடையின்றிப் பேசியதும் 'அழகாகச் சொன்னாய்' என்று பாராட்டுவது இதன் அடிப்படை. நியூசிலாந்தில் 54 சிறு குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2005-இல் வெளியாயிற்று. இப்பயிற்சி பெறாத குழந்தைகளிடமும் திக்கல் ஓரளவு குறைந்தது. பெற்றவர்களிடம் அது இன்னும் கூடுதலாகக் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது குழு இல்லாதிருந்தால், தானாகக் குறைந்ததையும் பயிற்சியின் பயன் என்றே கணக்கிட்டிருப்போம், இல்லையா?

உங்கள் தம்பியோ தங்கையோ திக்கினால் நீங்களும் உதவலாம். சொல்லை முந்திக்கொண்டு முடிக்காதீர்கள். 'மெதுவாகப் பேசு' என்று கட்டளையிடுவதைவிட, நீங்களே நிதானமாகப் பேசுங்கள். முகம் பார்த்து, சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். கேலி செய்வோரைத் தடுங்கள். 'சில நேரம் சொல் சிக்கிக்கொள்ளும், பரவாயில்லை' என்று இயல்பாகச் சொல்லுங்கள். பேச்சைப் பற்றிப் பேசவே கூடாது என்று வீடு மௌனம் காத்தால், அது வெட்கத்துக்குரியது என்று குழந்தை எண்ணிவிடும். எப்படிச் சொல்கிறது என்பதை விட்டு, என்ன சொல்கிறது என்பதைக் கேளுங்கள். அப்படிக் கேட்க ஒருவர் இருந்தால், குழந்தை பேசுவதை நிறுத்தாது. தாயின் கவலையும் பாதி குறையும்.