'மனசு சரியில்லை' என்று டைரி எழுதாதீர்கள்

கதை எழுத ஆசைப்படுகிற பலர் வீட்டிலும் புத்தாண்டுக்கு யாரோ கொடுத்த டைரி ஒன்று இருக்கும். ஜனவரி பன்னிரண்டு வரை எழுத்து. அப்புறம் பால் கணக்கு. என் அலமாரியில் அப்படி நான்கு உண்டு.

முதல் வேலையாக, தேதி அச்சிட்ட அந்த டைரியைப் பால் கணக்குக்கே விட்டுவிடுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் வெற்றுப் பக்கம் முறைக்கும். நாலு நாள் விட்டால் திறக்கவே கை வராது. எண்பது பக்கக் கோடு போட்ட நோட்டு போதும். தேதியை நீங்களே போடுங்கள். பத்து நாள் இடைவெளி விழுந்தாலும் அடுத்த வரியில் இன்றைய தேதியைப் போட்டுத் தொடருங்கள். விட்டதற்குச் சமாதானம் எழுத வேண்டாம்.

நேரம் பத்து நிமிடம். ராத்திரிச் சாப்பாடு முடிந்த கையோடு உட்கார்ந்துவிடுவது நல்லது.

என்ன எழுதுவது? இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறோம். 'இன்று மனசே சரியில்லை' என்று என் பழைய நோட்டில் ஒரு வரி இருக்கிறது. அன்று என்ன நடந்தது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அடுத்த பக்கத்தில் இன்னொன்று: 'பூக்காரம்மா முழம் போடும்போது விரலை மடக்கிக்கொண்டார். ஏன் என்றேன். வெல ஏறிடுச்சு கண்ணு, கை குறுகிடுச்சு என்றார்.' இதைப் படித்ததும் அந்தத் தெருமுனை, ஈரச் சாக்கு, மல்லிகை வாசனை எல்லாம் வந்துவிடுகின்றன. ஆகவே தினமும் கண்டது ஒன்று, கேட்டது ஒன்று. கேட்டதைப் பேசியபடியே எழுதுங்கள். இலக்கணம் திருத்தினால் ஆள் காணாமல் போய்விடுவார். விலை, நேரம், பொருளின் பெயர் மூன்றையும் விடாதீர்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, கவர்னரிடம் யார் என்ன சொன்னார் என்று எழுதிக்கொண்டே போகிற வியாபாரியின் கணக்கு மனசு அது. இருநூறு வருஷத்துக்கும் மேல் கழித்து பிரபஞ்சன் அந்தக் குறிப்புகளை ஆதாரமாகக் கொண்டுதான் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்களை எழுதினார். பிள்ளை தன் மனநிலையை மட்டும் எழுதி வைத்திருந்தால் பிரபஞ்சனுக்கு என்ன கிடைத்திருக்கும்?

மாசக் கடைசியில் சிவப்புப் பேனாவோடு ஒருமுறை படியுங்கள். திருத்தாதீர்கள். ஓரத்தில் 'ஆள்', 'பேச்சு', 'இடம்' என்று ஒற்றைச் சொல் குறித்து, கடைசிப் பக்கத்தில் பக்க எண்ணோடு ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஆள் மூன்று தடவை தலைகாட்டினால் அவரைப் பற்றித் தனித் தாளில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். என் கதைகளில் பாதி அப்படிக் கிளம்பியவை. மீதிப் பாதி எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

ஒரு எச்சரிக்கை. சொந்தக்காரர்களின் நிஜப் பெயரை எழுதாதீர்கள். என் அத்தை ஒருவர் தன்னைப் பற்றிய பக்கத்தைப் படித்துவிட்டு இரண்டு பொங்கலுக்கு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இப்போது என் நோட்டில் அவர் பெயர் 'மாடிவீட்டம்மா'. அவர் இருப்பது தரைத்தளத்தில்.